நாலணாவை நிறுத்தினப்போ காசு சேர்க்கிறவங்களுக்கு என்ன போச்சு

2011 ஜூன் 30. அன்னைக்குத்தான் நம்ம நாட்டுல நாலணான்னு சொல்ற 25 பைசாவும் அதுக்குக் கீழ இருந்த அத்தனை காசும் சட்டப்படி செல்லாம போச்சு. மத்திய அரசு 2010 டிசம்பர்லயே அறிவிப்பு போட்டாச்சு. வீட்டுல வச்சிருக்கறவங்க ஜூன் 29 சாயங்காலம் பேங்க் மூடுறதுக்குள்ள கொண்டாந்து குடுத்து மாத்திக்கலாம்னு ரிசர்வ் வங்கி சொல்லுச்சு, அதுவும் எல்லா பிராஞ்ச்லயும் இல்ல, சில்லறைக் காசு டிப்போ இருக்கற பிராஞ்ச்ல மட்டும். அதுக்கப்புறம் அது வெறும் உலோகம். நான் வாங்குற பேப்பர்ல உள்பக்கத்துல சின்னதா போட்டிருந்தாங்க.

ஊர்ல யாரும் பெருசா கண்டுக்கல. கண்டுக்காததுல தப்பும் இல்ல, ஏன்னா கடையில நாலணா செத்து அதுக்குள்ள பல வருஷம் ஆச்சு. காண்டாமிருகம் போட்ட அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 25 பைசா இருக்கே, 1988ல ஆரம்பிச்சு 2002 வரைக்கும் வருஷம் போட்டு வந்துச்சு, அதோட நின்னுபோச்சு. 2002லேர்ந்து 2011 வரைக்கும் ஒம்போது வருஷம் அது சட்டப்படி உயிரோட இருந்துச்சு, ஆனா பஸ்ல கண்டக்டர் வாங்க மாட்டார், மளிகைக் கடையில பாக்கி நாலணாவுக்கு ஒரு மிட்டாயை எடுத்து நீட்டிடுவாங்க. அரசாங்கம் 2011ல பண்ணது ஏற்கனவே நடந்து முடிஞ்ச சாவுக்கு சர்டிபிகேட் குடுத்தது மட்டும்தான்.

இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன் இதை எழுதறேன்னா, 2025 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா மின்ட்ல (காசு அடிக்கற ஆலை) புழக்கத்துக்கான கடைசி பென்னியை அடிச்சு முடிச்சாங்க. 1793லேர்ந்து வந்துட்டிருந்த ஒரு சென்ட் காசு. ஒண்ணு அடிக்க 3.69 சென்ட் செலவாகுதுன்னு அவங்க மின்ட் கணக்கே சொல்லுது, அதாவது ஒரு சென்ட் காசை உண்டாக்க கிட்டத்தட்ட நாலு சென்ட். அந்த நியூஸ் வந்த நாள்லேர்ந்து நாங்க காசு சேர்க்கறவங்க இருக்கற வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே பேச்சு, "நம்ம நாலணா மாதிரியே"ன்னு ஒருத்தர், "விலை ஏறுமா"ன்னு இன்னொருத்தர், "நம்மகிட்ட யாராவது இப்படி முன்னாடியே சொன்னாங்களா"ன்னு மூணாவது ஆள். அந்தப் பேச்சுல நான் டைப் பண்ண ஆரம்பிச்சு முடிக்க முடியாம போனதைத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. நம்ம நாட்டோட ஆகக் கடைசிக் காசு, அதாவது மதிப்புல ஆகச் சின்னது, சாகறது இது ஒரு தடவை நடந்த விஷயம் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. அந்தப் பையைத்தான் நம்ம பக்கம் தம்பிடின்னு சொல்வாங்க. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட தம்பிடி 1942 வரைக்கும் வந்துச்சு, உலகப்போர் நடுவுல நின்னுபோச்சு. அதுக்கப்புறம் காலணாதான் கடைசி, நடுவுல ஓட்டை போட்டு வந்துச்சே அந்தக் காலணா, செம்பு மிச்சம் பண்றதுக்காக 1943ல ஓட்டை போட்டாங்க. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாயை நூறா பிரிச்சதும் நயா பைசா வந்துச்சு. வெண்கலத்துல சின்னதா, ஒன்றரை கிராம். அதுல ஹிந்தியில "ரூபாயோட நூறுல ஒரு பங்கு"ன்னு விளக்கம் எழுதியிருக்கும், ஏன்னா அணாக் கணக்குலயே ஊறிப்போன ஜனங்களுக்கு நூறுக் கணக்கு அப்ப புதுசு. ஜனங்க புது முறைக்குப் பழகினதும் 1964ல "நயா"வை எடுத்துட்டாங்க.

அதே 1964ல இன்னொண்ணும் நடந்துச்சு. செம்பும் நிக்கலும் கட்டுப்படியாகாம அலுமினியத்துக்கு இறங்கினாங்க. இந்த அலுமினியக் காசுகளைப் பாக்காம வளந்தவங்க இப்ப நிறைய பேர், அதனால சொல்றேன். ஒரு பைசா சதுரமா, முக்கால் கிராம் வெயிட், கையில வச்சா வச்ச மாதிரியே தெரியாது. ரெண்டு பைசா ஓரம் வளைஞ்சு வளைஞ்சு பூ மாதிரி. மூணு பைசா அறுகோணம். அஞ்சு பைசா சதுரம், மூலை மழுங்கினது. பத்து பைசா மறுபடி வளைவு ஓரம், பெருசு. இருபது பைசா 1982ல அலுமினிய அறுகோணமா வந்துச்சு. கண்ணை மூடிட்டு தடவிப் பாத்தே எது எதுன்னு சொல்லிடலாம். பார்வை இல்லாதவங்களுக்கும் படிக்கத் தெரியாதவங்களுக்கும் அது எவ்வளவு பெரிய உபகாரம்னு இப்ப வர்ற ஒரு ரூபா, ரெண்டு ரூபா காசைத் தடவிப் பாத்தா புரியும், பத்தடி தள்ளி நின்னு பாத்தா எனக்கே வித்தியாசம் தெரியல.

சரி, இந்தக் காசெல்லாம் ஒண்ணு ஒண்ணா செத்ததுல காசு சேர்க்கறவங்களுக்கு ஒரு விசித்திரமான பங்கு இருக்கு. மூணு பைசாவை எடுத்துக்கோங்க. புழக்கத்துக்கு அடிச்சது 1964லேர்ந்து 1971 வரைக்கும்தான். ஆனா கேட்லாக்கைத் திறந்தா 1981 வரைக்கும் வருஷம் இருக்கும். நடுவுல அந்தப் பத்து வருஷம் பம்பாய் மின்ட் சேர்க்கறவங்களுக்குன்னே ப்ரூஃப் செட்ல போட அடிச்சிருக்கு, கண்ணாடி மாதிரி மின்னும், கீழ "பி"ன்னு எழுத்து இருக்கும். கடையில ஒரு மூணு பைசாவுக்கும் எந்தப் பொருளும் வாங்க முடியாத காலத்துல, எங்கேயோ நாலு பேர் ஆல்பத்துல வைக்கறதுக்காகவே அது பத்து வருஷம் பொறந்துட்டே இருந்திருக்கு. ஒரு பைசாவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அமெரிக்காக்காரங்களும் இப்ப அதையேதான் சொல்றாங்க, புழக்கத்துக்குத்தான் நிறுத்தறோம், சேர்க்கறவங்களுக்கான பென்னியை குறைஞ்ச அளவுல தொடர்ந்து அடிப்போம்னு. நம்ம மின்ட் 1970கள்லயே பண்ண வேலை அது.

இப்ப, காசை நிறுத்தினா சேர்க்கறவங்க என்ன நெனைக்கறாங்கன்ற விஷயத்துக்கு வர்றேன். வெளியிலேர்ந்து பாக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "அப்ப உங்களுக்கு ஜாலிதானே, விலை ஏறிடும்ல?" ஏறாது. இதை முடிஞ்சவரைக்கும் சத்தமா சொல்லணும்னு ஆசை. 25 பைசா காண்டாமிருகம் கோடிக்கணக்குல அடிச்சது, இன்னைக்கும் கிலோ கணக்குல நிறுத்து விக்கறாங்க, சந்தையில கூடையில கொட்டி வச்சிருப்பாங்க. செல்லாம போறதுன்றது அரிதாகறது இல்ல. ரெண்டும் வேற வேற.

ஆனா யூட்யூப்லயும் ஃபேஸ்புக்லயும் என்ன ஓடுது? "இந்த 25 பைசா உங்ககிட்ட இருந்தா லட்சாதிபதி." "வைஷ்ணோ தேவி போட்ட அஞ்சு ரூபா காசுக்கு பத்து லட்சம்." எங்க தெருவுல ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், ஆர்லிக்ஸ் பாட்டில் நிறைய சில்லறையைத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வந்தார். உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தோம். பெரும்பாலும் பத்து பைசா ஸ்டீல், நாலணா, கொஞ்சம் அலுமினியம்.

"தம்பி, ஒருத்தன் ஃபோன்ல மூணு லட்சம் தர்றேங்கறான். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் ரெண்டாயிரம் கட்டச் சொல்றான். கட்டலாமா?"

"வேண்டாங்கய்யா. காசு வாங்கறவன் உங்களுக்குத்தான் பணம் தரணும், நீங்க எதுக்கு அவனுக்குக் கட்டணும்?"

"ரிசர்வ் பேங்க் லெட்டரே அனுப்பிச்சிருக்கானே."

லெட்டரைக் காட்டினார், ஃபோன்ல, முத்திரை எல்லாம் போட்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்ல இதைப் பத்தியே தனியா எச்சரிக்கை குடுத்திருக்கு, பழைய நோட்டு காசு வாங்கறது விக்கறதுல நாங்க ஈடுபடறதே இல்ல, எங்க பேரைச் சொல்லி கமிஷன், வரின்னு கேட்டா நம்பாதீங்கன்னு. அதை எடுத்துக் காட்டினதுக்கப்புறம்தான் அவருக்கு மனசு ஆறுச்சு. நல்லவேளை கட்டறதுக்கு முன்னாடி வந்தார். எத்தனை பேர் கட்டிட்டு வெளிய சொல்லாம இருக்காங்களோ. காசை நிறுத்தற ஒவ்வொரு தடவையும் இந்தக் கும்பலுக்கு புதுசா ஒரு சரக்கு கெடைச்சிடுது, "இனிமே வராது"ன்ற ஒரு வரி போதும் அவங்களுக்கு. உண்மையிலேயே காசு சேர்க்கறவங்களுக்கு இதுல இருக்கற கோவம் சாதாரணமானது இல்ல, ஏன்னா கடைசியில "காயின் கலெக்டர்"னாலே ஏமாத்துக்காரன்னு ஆகிப்போச்சு.

விலை இல்லன்னா பின்ன என்னதான் சந்தோஷம்? சந்தோஷமும் ஒண்ணு இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. ஒரு காசு நின்னா அந்த வரிசை மூடிக்கும். மூடின வரிசையைத்தான் முழுசா சேர்க்க முடியும். நம்ம காசுல வருஷத்துக்குக் கீழ பாருங்க, சின்னதா வைரம் மாதிரி கட்டம் இருந்தா பம்பாய் மின்ட். நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத். புள்ளி இருந்தா நொய்டா, அது 1988ல வந்த மின்ட். ஒண்ணுமே இல்லன்னா கல்கத்தா. அதாவது 25 பைசா காண்டாமிருகம் ஒண்ணுன்னு நீங்க நெனைக்கறீங்க, எங்களுக்கு அது 1988லேர்ந்து 2002 வரைக்கும் வருஷ வாரியா, ஒவ்வொரு வருஷத்துக்கும் எந்தெந்த மின்ட் அடிச்சுதோ அத்தனையும். ஒரு பெரிய கட்டம் போட்ட தாள், கட்டம் கட்டமா நிரப்பணும். புதுக்காசு வந்துட்டே இருந்தா அந்தத் தாள் நீண்டுட்டே போகும், முடிவே கிடையாது. நின்னதுக்கப்புறம் கடைசிக் கட்டத்தை நிரப்பி "முடிஞ்சுது"ன்னு சொல்ல முடியும். இந்த முடிச்சுட்டோம்ன்ற உணர்வுக்காக வருஷக்கணக்கா அலையறவங்களை எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன்.

அதே மாதிரி கருத்துக்காக அடிச்ச காசுகள். 1970கள்லயும் 80கள் ஆரம்பத்துலயும், பல தடவை ஐநா உணவு நிறுவனத்தோட சேந்து, நம்ம ஆளுங்க பத்து பைசாவுலயும் அஞ்சு பைசாவுலயும் எவ்வளவு விஷயம் சொல்லியிருக்காங்க! 1974 பத்து பைசாவுல அப்பா, அம்மா, ரெண்டு குழந்தை, குடும்பக் கட்டுப்பாடு. 1976ல எல்லாருக்கும் உணவும் வேலையும். 1977ல சேமிப்பு. 1979ல குழந்தைகள் ஆண்டு. 1980ல 25 பைசாவுல கிராமத்துப் பெண்கள் முன்னேற்றம். 1982ல ஆசிய விளையாட்டு, அதுவும் நாலணாவுல. அரசாங்கம் ஏழை ஜனங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னா அது போய்ச் சேர்ற இடம் சின்னக் காசுன்னு யாரோ ஒருத்தர் அப்ப சரியா யோசிச்சிருக்கார். கூலி வாங்கற அம்மா கையிலயும் பள்ளிக்கூடத்து வாசல்ல நெல்லிக்கா வாங்கற பையன் கையிலயும் அந்தப் படம் போய்ச் சேந்துச்சு. இப்ப நினைவுக் காசுன்னா 75 ரூபா, 100 ரூபா, 125 ரூபான்னு அடிச்சு பெட்டியில போட்டு ஆயிரக்கணக்குல விக்கறாங்க. அது எந்தக் கடைக்கும் போறதில்ல. யாரோட வாழ்க்கையை நினைவுல வைக்கணும்னு அடிக்கறாங்களோ அந்த ஊர்க்காரங்களே அதைக் கண்ணால பாக்கறதில்ல.

இங்கதான் எனக்கு நெஜமான வருத்தம். காசு சேர்க்கற பழக்கம் எங்கேர்ந்து ஆரம்பிக்குது? மீதிச் சில்லறையிலேர்ந்து. பத்து வயசுப் பையன் ஒருத்தன் கையில வந்த பத்து பைசாவைத் திருப்பிப் பாக்கறான், இதுல வேற படம் இருக்கேன்னு எடுத்து வைக்கறான். எடுத்து வைக்க முடிஞ்சதுக்கு ஒரே காரணம் அது பத்து பைசா, அதைச் செலவு பண்ணாம வச்சா வீட்டுல யாரும் திட்ட மாட்டாங்க. பத்து ரூபா காசை அப்படி எடுத்து வைக்க முடியுமா? எங்கப்பா எனக்கு மாசாமாசம் வீட்டுச் சில்லறை டப்பாவைக் கொட்டிப் பாக்க விடுவார், பாத்துட்டு ஒரு ரெண்டு மூணு எடுத்துக்கோன்னுவார், அந்த ரெண்டு மூணு மொத்தமா எட்டணா தாண்டாது. அதனாலதான் விட்டார்.

அமெரிக்காவுலயும் இதேதான். 1930கள்ல பெரிய பொருளாதார மந்தம் ஓடிட்டிருந்தப்பதான் அங்க பென்னி போர்டு வந்துச்சு, அட்டையில வருஷ வாரியா ஓட்டை, கையில வர்ற பென்னியை அதுல அழுத்தி நிரப்பணும். அப்புறம் விட்மன் கம்பெனி அதை நீல அட்டை மடிப்பா ஆக்குச்சு. கோடிக்கணக்கான குழந்தைங்க அதுலதான் ஆரம்பிச்சாங்க. 1909ல சான் ஃபிரான்சிஸ்கோவுல அடிச்ச, டிசைனரோட இனிஷியல் வி.டி.பி. இருக்கற பென்னி மொத்தமே 4,84,000தான், ஒவ்வொரு பையனும் தன் மீதிச் சில்லறையில அது வந்துடாதான்னு தேடியிருக்கான். பெரும்பாலானவங்களுக்கு வரல. வராட்டியும் தேடினதுல அவங்களுக்கு வருஷம், மின்ட், வரலாறு எல்லாம் வந்துடுச்சு. உலகத்துலயே பெரிய காசு சேர்க்கற சமூகம் அங்க உருவானது ஒரு சென்ட்டால.

ஆகக் கடைசிக் காசு போனா அந்தக் கதவு மூடிக்குது. அதுக்கப்புறம் காசு சேர்க்கறதுன்றது காசு *வாங்கறது* ஆயிடுது. டீலர்கிட்ட போகணும், எக்சிபிஷனுக்குப் போகணும், ஆன்லைன்ல ஏலம் கேக்கணும். பணம் இருக்கறவங்க விளையாட்டு. யூபிஐ வந்ததுக்கப்புறம் ஒரு ரூபா காசே கைக்கு வர்றது குறைஞ்சுபோச்சு, டீக்கடையில பத்து ரூபாய்க்கு ஸ்கேன் பண்றாங்க. என் அக்கா பையனுக்கு நான் ஒரு ஆல்பம் வாங்கிக் குடுத்தேன், நிரப்பறதுக்கு அவன்கிட்ட சில்லறையே வர்றதில்ல, "மாமா, காசு எங்க கெடைக்கும்?"னு கேக்கறான். அந்தக் கேள்விக்கு என் காலத்துல பதில் தேவைப்பட்டதே இல்ல.

காசைத் தொடர்ந்து அடிக்கணும்னு நான் சொல்ல வரல. நாலு மடங்கு செலவு பண்ணி ஒரு காசை அடிச்சு, அது ஜனங்க வீட்டு டப்பாவுல போய் உக்காந்துக்கறதுக்கு வரிப்பணத்தைச் செலவு பண்றது சரியில்ல, இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. நிறுத்தற விதத்துலதான் என் சண்டை.

கனடாவைப் பாருங்க. 2012 மார்ச் பட்ஜெட்ல அறிவிச்சாங்க, ஒரு பென்னி அடிக்க 1.6 சென்ட் ஆகுதுன்னு காரணம் சொன்னாங்க. மே 4ஆம் தேதி வின்னிபெக் மின்ட்ல கடைசிப் பென்னியை நிதியமைச்சரே நேர்ல போய் அடிச்சார். அந்தக் காசு ஒட்டாவாவுல அவங்க மத்திய வங்கியோட மியூசியத்துக்குப் போச்சு. 2013 பிப்ரவரி 4லேர்ந்து கடைகளுக்கு சப்ளை நிறுத்தினாங்க, ரொக்கமா குடுத்தா அஞ்சு சென்ட்டுக்கு ரவுண்டு பண்ணணும், கார்டுன்னா அப்படியே பைசா சுத்தமான்னு விதி சொன்னாங்க. ஆனா பென்னி செல்லாதுன்னு சொல்லல, இன்னைக்கும் பேங்க்ல குடுத்தா வாங்கிப்பாங்க. அமெரிக்காவும் அதே மாதிரி, பென்னி செல்லும்னு சொல்லிடுச்சு. அதோட கடைசியில அடிச்ச காசுகள்ல சின்னதா கிரேக்க எழுத்து ஒமேகா போட்டு, மூணு மூணா 232 செட் பண்ணி, டிசம்பர்ல ஏலம் விட்டாங்க, மொத்தம் 16 மில்லியன் டாலருக்கு மேல போச்சு. 1793லேர்ந்து 2025 வரைக்கும் 232 வருஷம், அதுக்குத்தான் 232 செட். ஏலம் விட்டதுல எனக்கு முழு சம்மதம் இல்ல, சாதாரண ஆளுக்கு ஒண்ணும் கெடைக்கல. ஆனா இதுதான் கடைசி, இந்த அடையாளம் இருக்கற காசுதான் கடைசின்னு பதிவு பண்ணி வச்சாங்கல்ல, அது முக்கியம்.

நம்ம நாலணா நின்னதை நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிட்டோம்? 2003ன்னு போட்டது ஒண்ணும் கையில வரல, 2004ம் வரல. சரி நின்னுபோச்சு போலன்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். பத்து பைசா ஸ்டீல் 1998ல, அலுமினிய இருபது பைசா 1997ல, அஞ்சு பைசா 1994ல, எல்லாமே இப்படித்தான், காசுல இருக்கற வருஷத்தைப் பாத்து நாங்க பின்னாடி கண்டுபிடிச்சது. 1957ல ரூபாயை நூறா பிரிச்சப்ப எவ்வளவு விளம்பரம், மாத்துற கணக்குக்கு அட்டவணை, போஸ்டர்னு ஜனங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் புரிய வச்சாங்க. அந்தக் காசுகளை வழியனுப்பறப்ப ஒரு வார்த்தை இல்ல. பேங்க்ல சேந்தது உருக்கறதுக்குப் போச்சு.

உருக்கறதுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. மஞ்சள் பித்தளையில 1968லேர்ந்து 1971 வரைக்கும் வந்த இருபது பைசா, தாமரைப்பூ போட்டது. அதை லட்சுமி பூஜைக்கு வைக்கற வழக்கம் நம்ம பக்கம் நிறைய வீட்டுல இருக்கு, 108 சேர்த்து வச்சு அர்ச்சனை பண்றவங்க இருக்காங்க. பூஜைக் கடைக்காரங்களே அதை வாங்கி விக்கறாங்க. அந்த ஒரு காசை உருக்காம காப்பாத்தினது காசு சேர்க்கறவங்க இல்ல, பூஜையறை. ஆனா தேய்ச்சுத் தேய்ச்சு புளி போட்டு விளக்கி தாமரை மழுங்கிப்போயிருக்கும், நல்ல நிலையில ஒண்ணு கெடைக்கறது கஷ்டம். (புளியும் சாம்பலும் போட்டு பழைய காசை விளக்காதீங்க, தயவுசெய்து. சோப்புத் தண்ணிகூட வேண்டாம். மேல படிஞ்ச அந்த நிறம்தான் அதோட வயசு, அதைத் தேய்ச்சு எடுத்துட்டா திரும்ப வராது.)

நாலணாவுக்கும் ஒரு பூஜையறை உண்டு. மஞ்சத் துணியில ஒண்ணேகால் ரூபா முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னாடி வைக்கறது, குழந்தைக்குக் காய்ச்சல்னா, கல்யாணம் தள்ளிப்போச்சுன்னா, வேண்டிக்கிட்டு முடிஞ்சு வைப்பாங்க, அப்புறம் கோயிலுக்குப் போறப்ப உண்டியல்ல சேர்ப்பாங்க. ஒண்ணேகாலுக்கு ஒரு நாலணா கட்டாயம் வேணும். 2011க்கு அப்புறம் அந்தக் கால் ரூபா இல்லாம வேண்டுதலே ஒரு ரூபா, பதினோரு ரூபான்னு மாறிப்போச்சு பல வீட்டுல. செலுத்த மறந்துபோன பழைய முடிச்சுகள் இன்னமும் சில வீட்டுல இருக்கு. அப்படி ஒரு முடிச்சை ஒரு அம்மா எங்கிட்ட காட்டி பிரிச்சுப் பாக்கலாமான்னு கேட்டாங்க. பிரிக்க வேண்டாம்மா, அப்படியே வைங்கன்னு சொன்னேன். காசு மேல மஞ்சக்கறை இருந்தா கேட்லாக் பிரகாரம் அது பழுது. எனக்கு அப்படித் தோணல. அந்தக் காசு என்ன வேலைக்கு இருந்துச்சுன்றது அந்தக் கறையிலதான் இருக்கு, ஆல்பத்துல பளபளன்னு இருக்கற, புழக்கத்துக்கே போகாத என் யூஎன்சி காசுல இல்ல.

சேர்க்கறவங்களுக்குள்ளயே இதுல சண்டை உண்டு. ஒரு கூட்டம் யூஎன்சி மட்டும்தான் சேர்ப்பாங்க, கை படாதது. அவங்களுக்கு அலுமினியக் காசுன்னா தலைவலி, ஏன்னா நம்ம கடலோர ஊர் ஈரத்துல அலுமினியம் வெள்ளை வெள்ளையா பூத்துடும், மின்ட்லேர்ந்து வந்த பளபளப்போட ஒரு பைசா கெடைக்கறது அவ்வளவு சுலபமில்ல. இன்னொரு கூட்டம் தேஞ்சதைத்தான் விரும்புவாங்க, எத்தனை கை மாறியிருக்கும்னு. நான் ரெண்டுக்கும் நடுவுல. ஆனா ஒண்ணு, சாதாரணக் காசைத்தான் யாரும் நல்லா வச்சுக்கறதில்ல. வெள்ளி ரூபாயைப் பெட்டியில பூட்டி வைப்பாங்க, விக்டோரியா ராணி காசு தலைமுறை தலைமுறையா இருக்கும். 1994 அஞ்சு பைசா? ஒரு கிராம் அலுமினியம், யார் வைப்பாங்க? நூறு வருஷம் கழிச்சு நல்ல நிலையில கெடைக்காம போறது அதுவாத்தான் இருக்கும். எழும்பூர் மியூசியத்துல ரோமாபுரிக் காசு இருக்கு, சோழர் காசு இருக்கு, அதுவும் அந்தக் காலத்துல யாரோ சந்தையில கீரை வாங்கக் குடுத்ததுதானே.

இப்ப நம்ம நாட்டோட ஆகக் கடைசிக் காசு எது? 50 பைசா. எட்டணா. அது செல்லும். இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா கடைக்காரங்க எல்லாரும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, பஸ்ல வாங்க மாட்டாங்க, கோயில்ல பிச்சை எடுக்கறவங்ககூட திருப்பிக் குடுத்துடறாங்க. சட்டப்படி செல்லும், 2011 நாணயச் சட்டம் பிரகாரம் பத்து ரூபா வரைக்கும் எட்டணாவா குடுக்கலாம். ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்ப அறிக்கை விட்டுட்டே இருக்கு. ஆனாலும் 2002லேர்ந்து 2011 வரைக்கும் நாலணா இருந்த நிலைமையிலதான் இப்ப எட்டணா இருக்கு, சட்டத்துல உயிர், கடையில பொணம்.

அதனால எட்டணா விஷயத்துல நாலணா மாதிரி நடந்துடக் கூடாதுன்னு எனக்கு ஆசை. என்னைக்காவது ஒரு நாள் அதுக்கும் அறிவிப்பு வரும். அன்னைக்கு நாணயக் கழகம், அதாவது நாலு மின்ட்டையும் நடத்துற எஸ்பிஎம்சிஐஎல், கடைசியா ஒரு வருஷம் எட்டணா அடிச்சு, முகமதிப்புக்கே, எட்டணாவுக்கே, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் குடுக்கட்டும். பெட்டி வேண்டாம், ப்ரூஃப் வேண்டாம். கடைசி வருஷம்னு ஒரு சின்ன அடையாளம் போதும். நாலு மின்ட்லயும் ஒண்ணு ஒண்ணு எடுத்து மும்பையில ரிசர்வ் வங்கி மியூசியத்துல வைக்கட்டும். எந்த மின்ட் எந்த வருஷம் எத்தனை அடிச்சுதுன்னு முழுக் கணக்கையும் எல்லாரும் பாக்கற மாதிரி போடட்டும், இதுக்குப் பெருசா செலவே கிடையாது, கணக்கு அவங்ககிட்டதானே இருக்கு. குரூப்ல நான் இதைச் சொன்னப்ப ஒருத்தர் கேட்டார், எல்லாருக்கும் குடுத்துட்டா அப்புறம் என்ன மதிப்புன்னு. எல்லார்கிட்டயும் இருந்ததுதானே சார் அதோட மதிப்பேன்னு எழுதினேன். அவர் ஒத்துக்கல, இன்னமும் எங்களுக்குள்ள வாக்குவாதம் ஓடிட்டுத்தான் இருக்கு.

அறிவிப்பு வர்ற வரைக்கும் வீட்டுல ஒரு வேலை பண்ணுங்க. சில்லறை டப்பாவைக் கவுத்து எட்டணாவைத் தனியா எடுங்க. 1988லேர்ந்து வந்தது பார்லிமென்ட் கட்டடமும் இந்தியா மேப்பும் இருக்கும். 2008 வாக்குல வந்தது கை முத்திரை, மடக்கின விரல். 2011லேர்ந்து வந்தது வேற டிசைன், கடைசி வரிசை அதுதான், அதைத்தான் ஜனங்க கண்ணுல பாத்ததே கம்மி, ஏன்னா கடைகள் எட்டணாவை ஒதுக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் வந்துச்சு. வருஷத்துக்குக் கீழ கட்டமா, நட்சத்திரமா, புள்ளியா, இல்ல வெறுமையான்னு பாருங்க, ஒரு நோட்டுல எழுதுங்க. பக்கத்துல பிள்ளைங்க இருந்தா அவங்களை விட்டு எழுதச் சொல்லுங்க. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஒண்ணை அவங்களுக்கே குடுத்துடுங்க. பிவிசி பிளாஸ்டிக் கவர்ல மட்டும் போடாதீங்க, கொஞ்ச வருஷத்துல பச்சையா பிசுபிசுப்பு பிடிக்கும், காசு கெட்டுப்போகும். அட்டையும் மைலார்ங்கற கண்ணாடி மாதிரி பிலிமும் இருக்கற ஹோல்டர் கெடைக்குது, அது இல்லன்னா அமிலமில்லாத சாதா பேப்பர் உறையே போதும், மேல வருஷமும் மின்ட்டும் பென்சில்ல எழுதிடுங்க.